முப்பதாவது நாள்

தங்கச்சி சுஷ்மாவின் கல்யாண நோட்டீஸ் பதிவு அலுவலகப் பலகையில் தொங்கும் சேதி, முப்பதாவது நாள்தான் ஹரிநாராயணன் காதுக்கு எட்டியது. திருநகரிலிருந்து பைக்கில் பறந்து வந்தான். சுஷ்மா படத்துக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை அசாருதீன் படம்.

“இன்னிக்குத்தான் கடைசி நாள் சார். அஞ்சே முக்காலுக்குள்ள ஆட்சேபணை எழுதிக் குடுத்தா, விசாரிக்காம கல்யாணம் பண்ண மாட்டோம்” என்றார் கிளார்க்.

“எங்க வீட்டுக் கல்யாணத்தை நிறுத்த கவர்மெண்டுக்கு மனு எழுதணுமா? ரேஷன் கார்டாய்யா கேக்குறேன்?”

அப்போது படத்திலிருந்த அதே மூக்கு, அதே தாடியோடு ஒருவன் கையில் தாளுடன் உள்ளே வந்தான். முதல் குத்திலேயே அந்த மூக்கு உடைந்தது.

“அண்ணே, ஒரு நிமிஷம்... நான் சொல்றதை...”

“யாருக்குடா அண்ணே?”

அடுத்த குத்தில் பல் தெறித்து மேசையில் விழுந்தது. ஹரி தாளைப் பிடுங்கிச் சுக்குநூறாகக் கிழித்தான். நாற்காலியைத் தூக்கி அவனுடைய வலது கையில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் வராண்டா வரை கேட்டது.

போலீஸ் வந்து இழுத்துப் பிடித்தபோது மணி ஆறு.

“இனி எப்படிக் கையெழுத்துப் போடுவான் மாப்பிள்ளை?” என்று ஹரி மூச்சு வாங்கச் சிரித்தான்.

கீழே கிடந்தவன் ரத்தத்தைத் துப்பினான். “பாவி... நான் மாப்பிள்ளையோட அண்ணன் மின்ஹாஜ். கல்யாணத்தை நிறுத்தத்தான்யா எழுதிட்டு வந்தேன்!”

ஹரி கிளார்க் பக்கம் திரும்பினான். “சார், ஒரு பேப்பர் குடுங்க. நான் எழுதுறேன்.”

“டைம் முடிஞ்சிருச்சு சார்” என்றார் கிளார்க், துண்டுகளைக் கூட்டியபடி. “வந்தது ஒரே ஒரு ஆட்சேபணை. அதையும் நீங்கதான் கிழிச்சீங்க.”