இரண்டு மொட்டு முயல்

ஆய்வகக் கூட்டத்தில், திரையில் நின்ற ஈஸ்ட் செல்லுக்கு இரண்டு மொட்டுகள். முயல் காதுபோல.

பின்வரிசையில் இருந்தவள் பார்த்ததுமே அடையாளம் கண்டாள். அதற்கு முயல் என்று பெயர் வைத்தவளே அவள்தான். செவ்வாய்க்கிழமை நாற்பது நிமிடம் நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து அவள் எடுத்த படம்.

திரைக்குப் பக்கத்தில் நின்று விளக்கிக்கொண்டிருந்தவள் அக்கா. உடன்பிறந்தவள் அல்ல, ஆய்வகத்தில் நான்கு வருடம் மூத்தவள். ஒரே டப்பாவில் சாப்பிட்டவள்.

"படம் சொதப்பிடுச்சுடி. அழிச்சிடு. சார் பாத்தா உன் பேருதான் கெடும்" என்று புதன்கிழமை தோளில் கைபோட்டுச் சொன்னவளும் அவளே.

அழித்தாள். அக்காவுக்கு அனுப்பியிருந்த பிரதியை அவள் நினைக்கவே இல்லை.

கூட இருந்தே குழி பறிப்பார்கள் என்று கேட்டிருக்கிறாள். குழியை வெளிச்சம் போட்டுக் காட்டுவார்கள் என்று தெரியாது.

ஈஸ்ட் பட்டினி கிடந்தால் தன்னையே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். விறகு தீர்ந்த வீட்டில் நாற்காலியை உடைத்து எரிப்பதுபோல. அதிலும் ஒரு முறை உண்டு. வழிகாட்டிப் புரதம் ஒன்று சரக்கைப் பிடித்துக் கொடுக்கும்; சவ்வு அதைப் பொட்டலம் கட்டும்; பொட்டலம் செரிக்கும் பைக்குள் போய்ச் சேரும். நைட்ரஜன் பட்டினியில், அவர்கள் பச்சை ஒளி ஏற்றியிருந்த பெரிய புரதக் கூட்டும் அங்கேதான் போக வேண்டும். பை பச்சையாக ஒளிர வேண்டும்.

முயலின் பை இருண்டு கிடந்தது. கூட்டு முழுவதும் வெளியே ஒரே பொட்டாகத் திரண்டு, தப்பித்து உட்கார்ந்திருந்தது.

ஆய்வகத்தை நடத்தும் சார் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார். "இது யாருமே பாக்காததும்மா. திரும்பச் செஞ்சு பாத்தியா?"

"மூணு தடவை சார். மூணு தடவையும் இதேதான்." அக்காவின் குரல் பிசிறவில்லை.

பின்வரிசைக்காரி மடியிலிருந்த குறிப்பேட்டைத் திறந்தாள். செவ்வாய், தேதி, நேரம், அவள் கையெழுத்து. எழுந்து காட்டினால் போதும், முயல் யாருடையது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

சார் திரும்பினார். "நீ ஏதோ கேக்கணும்போல இருக்கே?"

எழுந்தாள்.

விரல் அந்தப் பக்கத்தின் கடைசி வரியில் நின்றது. நேற்று அலமாரியைத் துடைக்கும்போது, சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்த குடுவையின் ஒட்டுச்சீட்டைக் கண்டு எழுதியது.

'குடுவை மாறிவிட்டது. எடுத்தது நைட்ரஜன் இல்லாத கரைசல் அல்ல, சர்க்கரை இல்லாதது.'

சர்க்கரைப் பட்டினியில் அந்தக் கூட்டு இப்படித்தான் பொட்டாகத் திரளும். பழைய சங்கதி. அக்கா சொல்லும் நைட்ரஜன் பட்டினியில் மூன்று தடவை என்ன, முந்நூறு தடவை செய்தாலும் அந்தப் பொட்டு வராது.

இன்று மதியம் சாப்பிடும்போது அக்காவிடம் இதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்றிருந்தாள்.

குறிப்பேட்டை மூடினாள்.

"ஒண்ணுமில்ல சார். அக்கா எடுத்த படம் நல்லா வந்திருக்கு."