முன்வரிசைக் காபி

ஏரிக்காற்று அரங்கின் பலகைகளுக்கு அடியில் புகுந்து முழங்காலைக் கடிக்கிறது. அக்டோபர் வெயிலில் வெளிச்சம் இருக்கிறது, சூடு இல்லை. கீழே மைதானத்தின் ஓரத்தில், பந்தை எறியும் முக்கிய ஆட்டக்காரரான குவார்ட்டர்பேக்குக்கு அடிபட்டால் இறக்குவதற்கென்று டொராண்டோவின் கனடிய ஃபுட்பால் அணி இந்த வருஷம் எடுத்திருக்கும் கிளென், இருபத்திரண்டு வயதுக்காரன், பந்தை எறிந்து பழகுகிறான். "இவனைப் போய் எடுத்திருக்கானுங்களே! தயிர்சாதம் மாதிரி உருட்டறான்" என்கிறார் சேதுராமன். "சின்னப் பையன், ஒரு வருஷம் போகட்டுமே" என்று பரிந்து பேசுகிறார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பர் நரசிம்மன். "கிளெனைப் பெத்தவளே இவனை நம்ப மாட்டா" என்கிறார் சேதுராமன். பெயரைக் கேட்டு, முன்வரிசையில் கம்பளி போர்த்தியிருக்கும் வெள்ளைக்கார அம்மாள் திரும்புகிறார். அவன் தன் மகன் என்று ஆங்கிலத்தில் பெருமையாகச் சொல்லி, பிளாஸ்க் மூடியில் காபி ஊற்றி நீட்டுகிறார். "ஏங்க, போதும், நிறுத்துங்க" என்று சேதுராமனின் முழங்கையை இடிக்கிறாள் மனைவி கல்யாணி. "இந்தம்மாவுக்குத் தமிழா தெரியும்?" சேதுராமன் அம்மாளுக்கு நன்றி சொல்லி, உதட்டில் படாமல் தூக்கிக் குடித்து, சிரித்த முகம் மாறாமல் சொல்கிறார்: "கிளென் ஒரு தண்டம்." அம்மாள் திரும்பிச் சிரிக்கிறார். மூடி நரசிம்மனின் கைக்குப் போகிறது. இவ்வளவு நேரம் பரிந்து பேசியவருக்குத் தானும் ஒன்று சொல்லிப் பார்க்கும் ஆசையை அடக்க முடியவில்லை. "கிளென் ஒரு எருமை" என்கிறார், அந்த அம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டு. அம்மாள் மறுபடியும் சிரிக்கிறார். இந்த முறை தன் கம்பளியைக் கழற்றி, கல்யாணியின் முழங்காலில் போர்த்திவிடுகிறார்.