கிருஷ்ணகிரிச் சரிவு

பெட்டியைத் திறக்கச் சொல்லிவிட்டார் நாகம்மாள் மேடம்.

மோகன்குமார் சாருக்கு அது பிடிக்கவில்லை. வைவா எடுக்க வரும் எக்ஸ்டர்னல் கிராஃபைப் பார்ப்பார், நாலு கேள்வி கேட்பார், டீ குடிப்பார், தர்மபுரி பஸ் ஏறுவார். பெட்டிக்குள் தலையை விடுகிற எக்ஸ்டர்னலை அவர் இதுவரை பார்த்ததில்லை.

“உள்ள ஒரு எல்இடி பல்பு, எதிர்ல ஒரு சென்சார், அவ்ளோதான் மேடம். தெறந்தா வெளி வெளிச்சம் உள்ள பூந்துரும்.”

“ப்ராஜெக்ட்டே முடிஞ்சிருச்சே சார். இனிமே பூந்தா என்ன?”

மாணவி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.

பி.எஸ்சி. இயற்பியல், கடைசி வருஷத்து ப்ராஜெக்ட். ஒரு பல்பை வருஷம் முழுக்க அணைக்காமல் எரியவிட்டால் வெளிச்சம் எவ்வளவு மங்கும் என்று பார்ப்பது. அட்டையில் ஐந்து பதிவு எண்கள். மற்ற நால்வரும் காலையிலேயே வைவாவை முடித்துக்கொண்டு போச்சம்பள்ளிக் கம்பெனி இன்டர்வியூவுக்குப் போய்விட்டார்கள். தினமும் மீட்டரைப் பார்த்து எழுதியவள் மட்டும் கடைசியாக நின்றிருந்தாள்.

சார் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். டிபார்ட்மென்ட் முழுக்க அதுவே அவள் பெயராகிவிட்டது. கரண்ட் போனால் பல்பு அணையக்கூடாது என்று தன் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியையே தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தவர் அவர். அந்தக் கோடை முழுக்க வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இந்த மார்க் நன்றாக வந்தால் அவளுக்கு பெங்களூரில் எம்.எஸ்சி. இல்லாவிட்டால் ஓசூரில் ஏதாவது கம்பெனி, லேடீஸ் ஹாஸ்டல், ஷிஃப்ட்.

கிராஃபில் கோடு ஜூனிலிருந்து நேராகப் போகும். அக்டோபரில் ஒரே நாளில் தொபுக்கென்று விழும். பிறகு மறுபடியும் நேராகப் போகும். இந்த வீழ்ச்சிக்கு சார் ‘கிருஷ்ணகிரிச் சரிவு’ என்று பெயரே வைத்துவிட்டார். பெங்களூர் கருத்தரங்குக்குக் கட்டுரை போயாகிவிட்டது. அங்கே போட்டுக்கொள்ள கோட்டும் தைக்கக் கொடுத்தாகிவிட்டது.

மூடி கழன்று வந்தது.

சென்சார் கண்ணாடியைப் பாதி மறைத்தபடி, காய்ந்து வெடித்த சந்தனம். அதன்மேல் குங்குமம்.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தது.

இந்தப் பக்கத்தில் அன்றைக்குப் பொட்டு வாங்காத இயந்திரமே கிடையாது. லேத்துக்கு உண்டு, லாரிக்கு உண்டு, கரண்ட் மீட்டருக்கும் உண்டு. பாவம், சென்சார் மட்டும் என்ன பாவம் பண்ணியது?

மேடம் துடைக்கச் சொன்னார். அவள் ஈரத்துணியால் துடைத்து மூடியைப் போட்டாள். மீட்டர் மெல்ல ஏறி, ஜூன் மாதத்தில் நின்ற அதே இடத்தில் போய் நின்றுகொண்டது.

பல்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்திருக்கிறது. கிருஷ்ணகிரியில் சரிவு எதுவும் இல்லை.

அவளுக்கு அழுகை முட்டியது. முட்டிமுட்டி எழுதிய மூன்றாம் அத்தியாயம் மொத்தமும் போயிற்று. ஆனால் இத்தனை மாதம் கழித்தும் மீட்டர் பழைய இடத்துக்கே வருகிறது என்றால் எழுதியவள் ஒழுங்காக எழுதியிருக்கிறாள். அது மேடத்துக்கும் தெரிந்தது.

“யாரு வேலை இது?” என்றார் மேடம்.

சார் கெட்டவர் இல்லை. பயந்தவர். அதுவும் கட்டுரை அனுப்பிவிட்டுப் பயந்தவர்.

“நம்ம பாப்பாதான் மேடம். சொல்லச் சொல்லக் கேக்காது. சாமி பக்தி ஜாஸ்தி. வேணும்னா கொஞ்சம் மார்க் கொறைச்சுக்கலாம்.”

அவள் சாரைப் பார்த்தாள். சார் ஃபேனைப் பார்த்தார்.

கோபத்தில் அவளுக்குக் காது சுட்டது. ‘நானில்லை’ என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு பேட்டரி கொடுத்த மனுஷனை வெளியாள் முன்னால் பொய்யர் என்று எந்த வாயால் சொல்வது? ஸ்க்ரூ டிரைவரை மேஜைமேல் வைத்தாள்.

மேடம் பேனாவைத் திறந்தார். அது மார்க் கட்டத்துக்கு மேலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, எதற்கும் முதலில் கையெழுத்தை வாங்கிவிடலாம் என்று வருகைத் தாளை அவள் பக்கம் தள்ளினார்.

தாளில் பதிவு எண்கள் மட்டும்தான். நாலு எண்களுக்கு எதிரே நாலு கிறுக்கல்கள். ஐந்தாவதில் அவளும் வழக்கமாக ஒரு கிறுக்கல்தான் போடுவாள். இன்றைக்கு நிதானமாக, குண்டு குண்டாக, தமிழில் முழுப் பெயரையும் எழுதினாள்.

மேடம் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு படித்தார்.

அ. முபீனா பேகம்.

இன்னொரு தடவை படித்தார். மார்க்கை முழுசாகப் போட்டார். அப்புறம்தான் சாரின் பக்கம் திரும்பினார்.

“சந்தனம் நல்லா புடிச்சிருக்கு சார். எங்க வாங்குனீங்க?”

“பழையபேட்டையில மேடம்,” என்றார் சார். கேள்வி கேட்டால் பதில் சொல்லியே பழகிய வாத்தியார். கடை எந்தச் சந்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டார்.