தலை முதல் கால் வரை

"ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கணும்னு எத்தனை நாளா காத்துட்டு இருந்தீங்க, செஞ்சோ?"

டாக்ஸியின் கதவை அறைந்து சாத்திவிட்டுப் பின் இருக்கையில் விழுந்தாள் பாஹுவா. முகம் சிவந்திருந்தது. மிளகாயாலா கோபத்தாலா என்று செஞ்சோவுக்குப் பிடிபடவில்லை.

"என்னாச்சு டீச்சர்?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. படிக்கட்டு ஓரத்துக் கடையில வாங்குங்கன்னு நீங்கதானே அனுப்பினீங்க? அந்தம்மா ருசி பாக்க ஒரு மிளகாய் கொடுத்தாங்க. கடிச்சேன். 'என் வாய் எரியுது, கண்ணுல தண்ணி வருது'ன்னு நீங்க கத்துக்கொடுத்த சொல்லை வெச்சுத்தான் சொன்னேன். அவ்வளவுதான்! பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டாங்க. அவங்க இன்னொருத்தியைக் கூப்பிட்டாங்க. மூணு பேரும் வயித்தைப் பிடிச்சுட்டுச் சிரிக்கிறாங்க. வாங்கின பாலாடைக்கட்டியைக்கூட அங்கேயே போட்டுட்டு ஓடி வந்துட்டேன்."

"நான் தப்பா எதுவும் சொல்லிக்கொடுக்கலையே" என்றான் செஞ்சோ, ஸ்டியரிங்கைப் பார்த்தபடி.

பாஹுவா லாவோஸின் மலைப்பள்ளி ஒன்றில் ஆசிரியை. மூன்று மாதப் பயிற்சிக்காகத் திம்புவுக்கு வந்திருந்தாள். பயிற்சியின் முடிவில் ஒரு கட்டுரை படிக்க வேண்டும். தன் தாய்மொழியான ஹ்மோங்கையும் இந்த ஊர் மொழியான ஜோங்காவையும் அருகருகே வைத்து எழுதலாம் என்று தோன்றியது. ரொம்ப விரிக்க வேண்டாமென்று, தலை முதல் கால் வரை உடம்பின் பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

அதற்கு அவள் தேர்ந்தெடுத்த வாத்தியார்தான் செஞ்சோ. எவ்வளவு பெரிய அதிகாரி ஏறினாலும், பேச்சின் கடைசியில் மரியாதைக்கு ஒரு 'லா' சேர்க்க மாட்டான். 'எங்க போகணும்?' என்று மொட்டையாகத்தான் கேட்பான். பூசி மெழுகாத பேச்சு வேண்டுமென்றால் இவனை விட்டால் ஆள் கிடையாது என்று அவள் நினைத்தாள்.

தினமும் காலையில் பயிற்சி மையத்துக்குப் போகும் வழியில், போக்குவரத்துக் காவலர் கைகாட்டி நிறுத்தும் இடத்தில் பாடம் நடக்கும். அவள் தன் மூக்கைத் தொட்டுக் காட்டுவாள். அவன் கண்ணாடியில் பார்ப்பான். கொஞ்சம் யோசித்து, மெதுவாக ஒரு சொல் சொல்வான். அவள் எழுதிக்கொள்வாள்.

பதிலுக்கு அவளும் அவனுக்கு ஹ்மோங் சொல்லிக்கொடுத்தாள். ஹ்மோங்கில் எல்லாமே குரலின் ஏற்ற இறக்கம்தான். ஒருநாள் அவள் மறந்து வைத்த குடையை எடுத்துக்கொண்டு, 'எனக்காக நில்லுங்க' என்று அவள் மொழியில் கத்திக்கொண்டே பின்னால் ஓடி வந்தான். கடைசியில் குரல் தொண்டையில் இறுகியதில் அது 'என்னைக் கடிங்க' என்று ஆகிவிட்டது. நடுத்தெருவில் நின்று அவள் சிரித்தாள், கண்ணில் நீர் வரும்வரை.

"அன்னிக்கு நான் சிரிச்சதுக்குத்தான் பழி வாங்கினீங்களா?"

"ஐயோ, இல்ல டீச்சர்."

"அப்ப எந்தச் சொல் தப்புன்னாவது சொல்லுங்க. திங்கக்கிழமை அம்பது பேருக்கு முன்னாடி படிக்கணும்."

"எதுவும் தப்பில்ல."

"பின்ன ஏன் சிரிச்சாங்க?"

அவன் ஒரு துணியை எடுத்தான். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தான்.

"சரி" என்றாள் பாஹுவா. "நாளையிலேர்ந்து நான் வேற வண்டி பாத்துக்கறேன்."

காலை வேளைகளின் அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் தினமும் சீக்கிரமாகவே கிளம்பினோமோ என்று, சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்குத் தோன்றியது.

ஜன்னலில் யாரோ தட்டினார்கள். மிளகாய் கொடுத்த அதே கடைக்காரம்மாள். கையில் பாலாடைக்கட்டிப் பை. ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"கோவிச்சுக்கிட்டியா பொண்ணே? நீ சொன்னதுல ஒரு தப்பும் இல்லம்மா." வேற்றூர்க்காரிக்குப் புரிய வேண்டுமே என்று அந்தம்மாள் நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "ஆனா அதெல்லாம் பெரிய லாமாவைப் பத்திப் பேசறப்ப சொல்ற சொல்லு. 'என் திருவாய் எரியுது, என் திருக்கண்ணுல தண்ணி வருது'ன்னு ஒருத்தி தன்னைப் பத்தித் தானே சொல்லிக்கிட்டா சிரிப்பு வராதா, சொல்லு?"

பாஹுவா திகைத்துப் போய் நோட்டைத் திறந்தாள். "எங்க பாஷையில யார் வாயும் வாய்தானே!"

"இங்க அப்படி இல்லம்மா. நமக்கு ஒரு சொல்லு, ஒசந்தவங்களுக்கு ஒரு சொல்லு." அந்தம்மாள் ஜன்னல் வழியே நோட்டில் எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்தாள். தலை, கண், மூக்கு, கை, கால். ஒன்றுவிடாமல் எல்லாம் ஒசத்தியான சொற்கள். "அட, அத்தனையும்! யாரு உனக்கு இப்படிக் கத்துக்கொடுத்தது?"

பாஹுவா முன் இருக்கையைக் காட்டினாள்.

குனிந்து பார்த்த அந்தம்மாளின் வாய் பிளந்தது. "இவனா? டேய் செஞ்சோ! உன்னைப் பெத்து முப்பது வருஷமா இந்தக் கையாலதானேடா ஆக்கிப்போடறேன்! என் கையை ஒரு நாளாவது அந்தச் சொல்லால சொல்லியிருப்பியா நீ?"

செஞ்சோவின் முகம் காது நுனி வரை சிவந்துபோனது. அம்மாவுக்குப் பதில் சொல்லாமல், கண்ணாடியில் தெரிந்த பாஹுவாவைப் பார்த்து மெல்லச் சொன்னான்:

"என் கையைக் காட்டிக் கேட்டிருந்தா சாதாரணச் சொல்லுதான் வந்திருக்கும் டீச்சர். நீங்க உங்க கையைத்தானே காட்டினீங்க?"