இருபது நிமிடத் தாமதம்

இந்தக் காலத்தில் ஒருவனுக்கும் நேரத்தின் அருமை தெரியவில்லை என்பது பெரியவரின் தீராத புகார். பஸ் இருபது நிமிடம் தாமதம், டாக்டர் இருபது நிமிடம் தாமதம், டிவி செய்தியும் அப்படியே.

இருட்டியதும் மருமகள் மொட்டைமாடியில் புது கம்ப்யூட்டர் டெலஸ்கோப்பை நிறுத்தினாள்.

“ஊர், தேதி, நேரம் போட்டா அதுவே சனி கிரகத்தைத் தேடிப் பிடிச்சிடும் மாமா.”

“ஊரே சனி கண்ணுல படக்கூடாதுன்னு ஓடுது, நீ காசு குடுத்துத் தேடுற! பிடிக்கலைன்னா நாளைக்கே கடையில திருப்பிக் குடுத்துடணும்.”

அவள் நேரம் பார்க்க மொபைலை எடுத்தாள்.

“அதை உள்ளே வை. என் வாட்ச்ல ஏழு நாப்பது. அதைப் போடு.”

டெலஸ்கோப் முனகியபடி திரும்பி நின்றது. மூன்று முறை பார்த்தும் வெறும் இருட்டு. மருமகளின் முகம் வாடியது.

“பெட்டியில வச்சுக் கட்டு” என்றார் பெரியவர்.

கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி திரும்பாமலே சொன்னாள். “ஏழு இருபதுன்னு போட்டுப் பாரும்மா.”

“ஏன் அத்தை?”

“வேலைக்கு தினமும் லேட்டாப் போய்த் திட்டு வாங்குவார். முப்பது வருஷமா அவர் வாட்சை இருபது நிமிஷம் கூட்டித்தான் வச்சிருக்கேன்.”

புது நேரத்துக்குச் சனி வளையத்தோடு வந்து நின்றது. பெரியவர் குனிந்து அதைப் பார்த்தார். நிமிர்ந்து வாட்சைப் பார்த்தார்.

“இதுவும் லேட்டாத்தான் வருது” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.