சொல்கிற பிள்ளைக்கு மூவாயிரம்

பாதித் தம்ளரில் அவள் கையை வைத்துத் தடுத்தாள்.

"போதும் சஷ்மி. மீதி அம்மாவுக்கு."

குழந்தை கொடுத்துவிட்டது. இப்போதெல்லாம் அழுவதில்லை. முதல் இரண்டு நாள்தான் அழுதது.

மீதித் தண்ணீரை அவள் ஒரே மூச்சில் குடித்தாள். தண்ணீர் கண்ணில் பட்டால் மறுபடி கேட்கும். சொம்பையும் தூக்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.

"பெரியம்மா வீட்ல தண்ணி கேக்கக் கூடாது. குடுத்தாலும் வேண்டாம்னு சொல்லோணும். சாயங்காலம் அம்மா தருவேன்."

குழந்தை தலையாட்டியது. இரண்டரை வயது. சொன்ன பேச்சைக் கேட்கிற குழந்தை.

பகலில் பிள்ளையை விட்டுப்போக மூன்று வீடுகளில் விசாரித்திருந்தாள்.

பஸ் ஸ்டாப் பக்கத்து வீட்டில் சுவரெல்லாம் பொம்மைப் படம். மாதம் ஐயாயிரம் என்றார்கள். ரேஷன் கடைத் தெருவில் நாலாயிரம், பால் தனி. மூன்றாவது, சஷ்மி இப்போது பெரியம்மா என்று கூப்பிடுகிற சுலோச்சனாக்கா வீடு. ஆறு குழந்தைகள், ஒரு தொட்டில், ஒரு டிவி.

"டயப்பர் போடுற புள்ளைக்கு மூவாயிரத்து எண்ணூறுங் கண்ணு. ஒண்ணுக்கு ரெண்டுக்கு வந்தாச் சொல்ற புள்ளைக்கு மூவாயிரம். எனக்கு வேலை பாதியாக் கொறையுதில்ல? உம்புள்ள சொல்லுமா?"

அவளுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. மூவாயிரத்துக்கு மேல் கொடுத்துப் பிள்ளையை விட்டுவிட்டு நீ சம்பாதித்து என்னத்தைக் கிழிக்கப் போகிறாய் என்று வீட்டில் ஏற்கெனவே பேச்சு.

"சொல்லிருவாளுங்க்கா" என்றாள்.

அப்போது நாக்குக் கூசவில்லை. இப்போதுதான் நினைக்க நினைக்கக் கூசுகிறது.

இரண்டாம் நாளே பாய் நனைந்தது. புது இடம், பயந்திருக்கும் என்று அக்காவே சமாதானம் சொன்னாள். இன்னொரு தரம் நனைந்தால் டயப்பர் போட்டுவிடலாம் என்றும் சொன்னாள்.

மூன்றாம் நாளிலிருந்து பாதித் தம்ளர்.

பதினொரு மணிக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை அக்கா எல்லாப் பிள்ளைகளையும் பாத்ரூமுக்குக் கூட்டிப்போவாள். நடுவில் பாய் நனையக் கூடாது. அவ்வளவுதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தம்ளர் தம்ளராகக் கொடுத்தாள். கொஞ்ச நாளைக்குத்தான், அதற்குள் சொல்லப் பழகிவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். தன்னைவிடச் சுலபமாக ஏமாறுகிற ஆள் அவளுக்குக் கிடைக்கவில்லை.

பத்து நாள் பாய் நனையவில்லை.

அக்கா பிள்ளையைக் கூப்பிட வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். இவளாட்டம் சமத்துப் புள்ளைய நான் பார்த்ததே இல்லீங்க என்றாள். எப்படிப் பழக்கினீர்கள் என்று ஒரு தாய் கேட்டாள். சஷ்மியின் அம்மா செருப்பு வாரைச் சரி செய்வதுபோலக் குனிந்துகொண்டாள்.

இன்று சாயங்காலம் அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். வழக்கமான சிரிப்பு இல்லை.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லோணுங் கண்ணு. கோவிச்சுக்காத."

அக்காவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. வேறு இடம் பார்த்துக்கொள் என்று சொல்லப்போகிறாள்.

"சஷ்மி எங்க வீட்ல தண்ணியே குடிக்கறதில்ல. எப்பக் குடுத்தாலும் வேண்டாங்குது. இன்னிக்கு மூஞ்சி கழுவிவிட்டேன். ஒதட்டுல வழிஞ்ச தண்ணிய நக்குது கண்ணு. அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது. இங்க போர்த் தண்ணி, ஒரே உப்பு. நாங்க பழகிட்டோம். பச்சப் புள்ளைக்குப் புடிக்குமா?"

அக்காவின் முகம் சிறுத்துப்போயிருந்தது.

"எனக்கே வெக்கமாப் போச்சு. காசு வாங்கிட்டு ஒரு வாய் நல்ல தண்ணி குடுக்கலியே."

கூடத்து மூலையில் புதிதாக ஒரு தண்ணீர்க் கேன் இருந்தது. அதன் கழுத்தில் கையால் அழுத்தும் பம்பு. பிளாஸ்டிக் உறையை இப்போதுதான் பிரித்திருக்கிறாள், பக்கத்திலேயே கிடந்தது.

"இனிமேல் புள்ளைக்கு இந்தத் தண்ணிதான். மனசுல வெச்சுக்காத."

இந்த அக்கா கத்தியிருக்கலாம். எண்ணூறை எடுத்து வை என்று கேட்டிருக்கலாம். மன்னிப்பல்லவா கேட்கிறாள். அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

அக்கா பம்பை அழுத்தித் தம்ளரை நிறைத்தாள். குழந்தையிடம் நீட்டினாள்.

குழந்தை வாங்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தது.

அக்காவும் பார்த்தாள்.

அவள் குடி என்பதுபோலத் தலையசைத்தாள்.

அதற்கப்புறம்தான் குழந்தை தம்ளரை இரண்டு கையாலும் பிடித்தது. மூச்சு விடாமல் குடித்தது. மோவாயில் வழிந்து கவுன் நனைந்தது.

பாதியில் நிறுத்தியது.

யாரும் தடுக்கவில்லை. தானாகவே நிறுத்தியது. கண் மட்டும் தண்ணீரிலேயே இருந்தது.

தம்ளரை அவளிடம் நீட்டியது.

"மீதி அம்மாக்கு."

அக்கா தம்ளரைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள்.

அவள் தரையில் உட்கார்ந்தாள். தம்ளரைத் திருப்பிக் குழந்தையின் வாயில் வைத்தாள்.

"சொல்ல மாட்டாளுங்க்கா" என்றாள். "எம்புள்ள இன்னும் சொல்ல மாட்டா."