அடியில் தங்கிய மாவு

ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லில் அடிபட்டு வருகிறவர்களுக்கு டிங்சர் அயோடின் போடுமுன் நர்ஸ் எஸ்தர் நன்றாகக் கழுவிவிடுவாள். தோலில் ஒட்டிய மரவள்ளிக் கிழங்கு மாவில் டிங்சர் பட்டால் கருநீலமாகிவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அதைப் பார்த்து அவள் அலறியதை மில்லில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

மாவுத் தொட்டிக்குள் பன்னிரண்டு வருஷமாக இறங்கி வேலை செய்கிற பாவாயிக்கு இன்று உள்ளங்கையைத் தகரம் கிழித்துவிட்டது. எஸ்தர் கழுவி, டிங்சரை ஒற்றினாள். கருநீலம்.

"மாவு இன்னும் போகலக்கா" என்று சோப்புப் போட்டுக் கழுவினாள். மறுபடியும் கருநீலம். அப்போதுதான் கவனித்தாள், பஞ்சில் எங்குமே சிவப்பில்லை. வெட்டை விரித்துத் தண்ணீர் ஊற்றினாள். உள்ளேயிருந்து பாலாக வடிந்து பேசினில் விழுந்தது.

"வலிக்குதாக்கா?"

"வலியெல்லாம் போயி நாலஞ்சு வருசமாச்சுங்கம்மா."

எஸ்தர் எப்படியோ கட்டுப்போட்டு முடித்தாள். அதற்குள் பேசினில் தண்ணீர் தெளிந்து, அடியில் வெள்ளை வெளேரென்று மாவு தங்கியிருந்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல் பேசினைத் தூக்கிக்கொண்டு சாக்கடைப் பக்கம் போனாள்.

"ஐயோ, கொட்டிப்போடாதீங்கம்மா!" பாவாயி பதறிக்கொண்டு எழுந்தாள். "மேல்தண்ணிய மட்டும் இறுத்துட்டுக் குடுங்க, ஊட்டுல காயவெச்சுக்கறன். போன தடவ கால்ல வெட்டுப்பட்டப்ப வந்தது, புள்ளைங்களுக்கு ரெண்டு நாளைக்குக் கூழுக்கு ஆச்சு."